தேனில் குழைத்த காப்ஸ்யூல்

"உள்ள என்ன இருக்கு?"

எதைக் கையில் எடுத்தாலும் ஆன்ட்டி கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிஸ்கட், பற்பசை, உதட்டுச் சாயம், பக்கத்து வீட்டார் பிறந்தநாளுக்குக் கொடுத்தனுப்பிய கேக், எதுவும் அவரிடம் தப்பாது. கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். சிராங்கூன் சாலைக் கடைகளில் அலமாரிக்கு அலமாரி நின்று, பொட்டலத்தின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பார். அவர் வருவதைப் பார்த்ததும் கடைப் பெண்கள் அரிசி மூட்டைப் பக்கம் நழுவிவிடுவார்கள். ஒருமுறை சிவப்பு ஜெல்லியைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கலரு பூச்சிய நசுக்கி எடுத்ததும்மா, தெரியுமா உனக்கு?" என்றார். அன்றிலிருந்து எனக்கும் சிவப்பு ஜெல்லி இறங்குவதில்லை. நல்லதோ கெட்டதோ, அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

சைவ உணவுக்கடையில் சோயாவைக் கோழித் தொடை மாதிரி பிடித்து வைத்திருப்பார்களே, அதையும் தொடமாட்டார். சோயாதானே ஆன்ட்டி என்றால், "உருவம் கூட ஆகாது. வாய்க்குள்ள போறதுதான் மனுஷன்" என்பார். இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லிவிடுவார்.

நான் அவர் வீட்டில் அறை வாடகைக்கு இருந்தவள். திருச்சியிலிருந்து மென்பொருள் சோதிக்கும் வேலைக்குச் சிங்கப்பூர் வந்திருந்தேன். புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாவது மாடி. அறை பார்க்கப் போன அன்று பாஸ்போர்ட்டைக் கூடப் பார்க்கவில்லை; கேட்டதெல்லாம் வாயைப் பற்றித்தான்.

"முட்டை?"

"வெளியில எப்பவாவது சாப்பிடுவேன் ஆன்ட்டி."

"கோழி, ஆடு?"

"அதுவும் வெளியிலதான்."

"அப்படின்னா வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி வாய் கொப்பளிச்சிட்டு வரணும். ஓகே லா?"

ஓகே என்றேன். இந்த ஊரில் எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காகவே ஷூ ரேக்கின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தால், காரிடார் ஓரம் ஓடும் சின்னக் கால்வாயில் குனிந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும். எதிர்வீட்டு மலாய் அம்மா கதவு திறக்கும்போதெல்லாம் நான் துப்பிக்கொண்டிருப்பேன். இருபத்தேழு வயதில், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஒரு பெண், அடுத்தவர் வீட்டு வாசலில் துப்பிக்கொண்டு நிற்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

இவ்வளவு சுத்தம் பார்ப்பவர் வீடு பளபளவென்று இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. அடுப்பு துடைக்கும் துணியும் டம்ளர் துடைக்கும் துணியும் ஒன்றுதான். அந்தத் துணியின் புளித்த வாடை என் தட்டு வரை வரும். கரண்டிக் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, அதே கையை நைட்டியில் துடைத்து, அதே கையால் எனக்கு அப்பளம் எடுத்துப் போடுவார். ஃபிரிட்ஜில் போன மாதத்துச் சட்னி பூத்துக் கிடக்கும். அதையெல்லாம் அவர் கண் பார்க்காது. மாடும் பன்றியும் மீனும் இல்லாத அழுக்கு அவர் கணக்கில் அழுக்கே இல்லை.

நான் மருந்து சாப்பிடுகிறவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சென்னையில் வேலை பார்த்தபோது ஐந்து மாதம் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிப்பது மலையேறுவது போல இருந்தது. அம்மா கோயில் கோயிலாகக் கூட்டிப் போனாள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் கொடுத்த காப்ஸ்யூல்தான் என்னைக் கை பிடித்து எழுப்பி உட்கார வைத்தது. சிங்கப்பூர் வந்த பிறகு இங்குள்ள மருத்துவரும் அதையே தொடர்ந்தார். "இன்னும் ஒரு வருடமாவது. ஒரு நாள்கூட விடக்கூடாது. நீயாக நிறுத்தவே கூடாது" என்றார். என் வேலை, இந்த ஊரில் என் இருப்பு, காலையில் எழுந்து பல் தேய்ப்பது, எல்லாமே அந்தக் காப்ஸ்யூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை குளித்துவிட்டு வருகிறேன், ஆன்ட்டி என் மேசையருகே நிற்கிறார். ஒரு கையில் என் மருந்துப் பை, மறு கையில் பூதக்கண்ணாடி. இன்றைக்கே காலி செய்யச் சொல்லப் போகிறார், பைத்தியத்துக்கு வீடு இல்லை என்பார் என்று நினைத்தேன்.

"இது மேல்தோலு எதுல செஞ்சது?" என்றார்.

"என்ன ஆன்ட்டி?"

"இந்தக் கூடு. ஜெலட்டின்தானே? மாடு, இல்லன்னா பன்னி. இவ்வளவு நாளா என் வீட்டுக்குள்ள வச்சிருக்கியேம்மா!"

என்ன நோய் என்று கேட்கவில்லை. எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். உலகத்திலேயே என் மண்டையைப் பற்றிக் கவலைப்படாமல் மாட்டைப் பற்றிக் கவலைப்படும் ஒரே மனுஷி இவர்தான் என்று நினைத்தேன். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அன்று மாலையிலிருந்து என் மருந்து ஷூ ரேக்குக்குப் போனது. மேல் தட்டில் ஆன்ட்டியின் செருப்பு, நடுத்தட்டில் என் செருப்பு, கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் என் மனநலம். தினமும் காலை வேலைக்குக் கிளம்பும்போது, வாசலுக்கு வெளியே நின்று, வியர்வை நாற்றத்துக்கு நடுவே கையை விட்டு டப்பாவை எடுத்து விழுங்குவேன். ஒருநாள் டப்பாவின் மேல் கரப்பான் உட்கார்ந்திருந்தது. தட்டிவிட்டு விழுங்கினேன். மீசை ஆட்டிக்கொண்டு அது என்னைப் பார்த்ததா என்னவோ, அன்று முழுக்கத் தொண்டையில் ஊர்வது போலவே இருந்தது.

எதிர்வீட்டு மலாய் அம்மா ஒரு காலை அதைப் பார்த்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. தனக்கும் ஒருமுறை இதே சந்தேகம் வந்தது, மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டதும் வேறு மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள் என்றார். "கேளு, கேட்டால் தப்பில்லை" என்றார் ஆங்கிலத்தில். நான் கேட்கவில்லை. கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது பின்னால் யாராவது தமிழர் இருப்பார், என் பெயரையும் மருந்தையும் காதில் வாங்குவார் என்று பயம். இந்தப் பயத்தை நினைத்தால் ஆன்ட்டி மேல் வரும் அதே அருவருப்பு எனக்கு என் மேலும் வருகிறது.

டிசம்பர் மழை. காற்றடித்து ஷூ ரேக் முழுக்க நனைந்தது. டப்பாவின் மூடியை நான்தான் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. காப்ஸ்யூல்கள் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிக் கிடந்தன. நான் ஈரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஆன்ட்டிக்கு மனம் இளகிவிட்டது.

"குடு இங்க. நான் பாத்துக்கறேன். தோலுதானே ஆகாது? உள்ள இருக்கிற மருந்து என்ன பாவம் பண்ணிச்சு?"

மறுநாளிலிருந்து காலை ஆறரை மணிக்கு ஆன்ட்டி கையுறை மாட்டிக்கொண்டு காரிடாரில் உட்காருவார். காப்ஸ்யூலைத் திருகித் திறந்து உள்ளேயிருந்த குட்டிக் குட்டி உருண்டைகளைக் காகிதத்தில் கொட்டிக்கொள்வார். கூட்டையும் கையுறையையும் பையில் கட்டி எறிந்துவிட்டு, உருண்டைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சின்னக் கல்லில் வழுவழுவென்று அரைப்பார். ஒரு தேக்கரண்டி தேன் விட்டுக் குழைப்பார். "ஆ காட்டு" என்பார். நானும் காட்டுவேன். எங்கள் வீட்டில் இருமலுக்கும் சளிக்கும் எதைக் கொடுத்தாலும் தேனில் குழைத்துத்தானே கொடுப்பார்கள். அதனால் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. கசப்பு மட்டும் நாக்கின் அடியில் மதியம் வரை நிற்கும்.

மூன்றாம் நாள் வாந்தி எடுத்தேன். அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, பாதி வழியில் இறங்கிக் குப்பைத் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சாயங்காலமானால் வேறு கூத்து. கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சுளீரென்று மின்சாரம் அடிக்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும். வேலையில் ஒரு கூட்டத்தின் நடுவே அழுதேன். மேலதிகாரி அடுத்தநாள் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். சென்னையில் வேலை போனபோதும் இப்படித்தான் கனிவாக ஆரம்பித்தது.

அந்த நாட்களில் ஆன்ட்டியைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. ஒருநாள் ஹாலிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவர் முகத்தைச் சுளிக்கவே இல்லை. வெறுங்கையால் அள்ளித் துடைத்து, என் வாயையும் துடைத்து, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். "உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போகுது. போகட்டும் லா" என்றார். என் அம்மாகூட அப்படித் துடைத்திருப்பாளா என்று தெரியாது. மனிதர்கள் தங்களை முழுசாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அவருக்கு ஒரு மகள் உண்டு. நாற்பதை நெருங்கும் அக்கா. உட்லண்ட்ஸில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படிப்பைப் பாதியில் விட்டவர், எந்த வேலையிலும் நான்கு மாதத்துக்கு மேல் நிலைக்காதவர் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். "சோம்பேறி" என்பதுதான் ஆன்ட்டி அதற்கு வைத்த பெயர். அந்த ஞாயிறு நான் சோபாவில் சுருண்டு கிடந்ததை அக்கா வெகுநேரம் பார்த்தார். ஆன்ட்டி சமையலறைக்குப் போனதும் மெதுவாகப் பேசினார்.

"மாத்திரையா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் பத்தொம்பது வயசுல கொடுத்தாங்க. மூணு வகை மாத்திப் பாத்தாங்க. எதுவுமே ஒத்துக்கல. சிலருக்கு அப்படித்தான்மா, ஒடம்பே வேணாங்குது. உனக்கும் ஒத்துக்கல போல. நிறுத்திடு, இல்லன்னா இன்னும் மோசமாத்தான் ஆகும்."

"நிறுத்தினப்புறம் எப்படிக்கா இருந்துச்சு?"

"இதோ, இப்படி இருக்கு" என்று தன்னையே கையால் காட்டினார். இருபது வருடத்தை ஒரு கை அசைவில் காட்டி முடித்துவிட்டார்.

நிறுத்திவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன். மருந்து இல்லாமல் என்ன ஆவேன் என்று தெரியும். மருந்தோடு இருந்தாலும் அதுதான் ஆகிறதென்றால் எதற்கு இந்தக் கசப்பு? ஆனாலும் நீயாக நிறுத்தாதே என்று மருத்துவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. மழையில் பாதி மருந்து வீணாகிவிட்டதால் கையிருப்பும் தீரப்போகிறது. கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலை மருந்து சாப்பிடாமலே மருந்தகக் கவுண்டருக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் இளம் சீனர். ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று கேட்டார். மழை, ஷூ ரேக் என்று உளறினேன். அவர் சிரிக்காமல், "இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.

"அரைத்து, தேனில்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார். அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியவை. அரைத்தால் ஒருநாள் மருந்து முழுவதும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். அதுதான் வாந்தி, படபடப்பு. சாயங்காலம் உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. அதுதான் மின்சாரம், அழுகை. "தினமும் காலையில் அளவுக்கு மீறிக் கொடுத்து, தினமும் மாலையில் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றார். ஏன் அரைத்தோம் என்று நான் சொன்னதும், விலங்குப் பொருள்தான் சிக்கல் என்றால் கேளுங்கள், மருத்துவரிடம் பேசி மாற்று வழி பார்க்கலாம், தினமும் இரண்டு பேராவது கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு மருந்துப் பையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். முழுதாக விழுங்கவும், நசுக்கவோ மெல்லவோ கூடாது என்று மூன்றாவது வரியில் அச்சடித்திருந்தது. பிழை கண்டுபிடிப்பது என் தொழில். பூதக்கண்ணாடி வைத்திருந்தவரும் நானும், இரண்டு வாரமாகக் கையிலேயே இருந்ததைப் படிக்கவில்லை.

மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, அன்றைக்குரியதை வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டோடு முழுதாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபோது ஆன்ட்டி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, இனிமே அரைக்க வேணாம். அப்படியே முழுங்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"மருந்து கொடுக்கிறவரு."

"அந்தாளு சைவமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்தகத்தில் எனக்கு விளக்கியதை நானும் விளக்கினேன். கத்தி மெதுவாகியது. பிறகு நின்றது.

"காலையில வாந்தி வருமா?"

"வரும். பாத்தீங்களே."

"சாயந்திரம் தலைக்குள்ள கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குமா?"

வாந்தியைத்தான் அவர் பார்த்திருந்தார். மின்சாரத்தைப் பற்றி நான் அவரிடம் மூச்சுகூட விட்டதில்லை.

"இருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொல்லுவா. நடிக்கிறான்னு நெனச்சேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த வீட்டின் புளித்த துணி வாடை மொத்தமும் தொண்டைக்கு ஏறியது. அக்காவின் மூன்று வகை மருந்தையும் இதே கல்லில், இதே தேனில் குழைத்து, இதே மாதிரி ஆ காட்டச் சொல்லி ஊட்டியிருக்கிறார். என் பையைப் பார்த்து என்ன நோய் என்று ஏன் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. அவருக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கேட்டிருந்தா வேற மாதிரி கொடுத்திருப்பாங்களே ஆன்ட்டி. தினமும் கேக்கறாங்களாம்."

"என்னான்னு கேக்கச் சொல்றே? எம் பொண்ணு பைத்தியம், ஆனா நாங்க சைவம்னா? அத்தனை பேரு முன்னாடி?"

"சரி, வேற வழியே இல்லன்னு வச்சுக்குங்க. தோலோட முழுங்கினாத்தான் அக்கா நல்லாயிருப்பாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?"

நியாயமாக யோசித்தார். அதையும் சொல்ல வேண்டும். பீன்ஸைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் முழுசாக யோசித்தார். அழப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

"கொடுத்திருக்க மாட்டேம்மா" என்றார். "வாய்க்குள்ள போறதுதான் மனுஷன்."

மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

நான் அங்கேயே, அவர் கண் முன்னால், தட்டில் இருந்த இட்லியில் ஒரு வாய் தின்றேன். புதுப் பையைப் பிரித்து ஒரு காப்ஸ்யூலை எடுத்தேன். அவருடைய எவர்சில்வர் டம்ளரில் அவருடைய குழாயில் தண்ணீர் பிடித்து விழுங்கினேன். சின்னத்தனம்தான். ஆனால் அந்த ஒரு வாய்த் தண்ணீரைப் போல ருசியாக எதையும் நான் அதுவரை குடித்ததில்லை. ஆன்ட்டி டம்ளரைத் துணியால் பிடித்து எடுத்துப்போய், சமையலறைச் சுவரிலிருந்த குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே போட்டார். ஒன்பது மாடியும் இடித்து இடித்து அது கீழே போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே புக்கிட் மேராவில் ஓர் அறைக்கு மாறிவிட்டேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை. மாறிய மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அரைத்தது, உருண்டைகள், காலை, மாலை, எல்லாவற்றையும் மருந்தகத்துக்காரர் எனக்கு வரைந்து காட்டிய வரிசையிலேயே சொன்னேன். உங்களுக்கு ஒத்துக்காமல் போனதே அரைத்துக் கொடுத்ததால்தான் இருக்கும், ஒரு மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் என்றேன். மறுமுனையில் பேருந்து ஒன்று கதவு மூடிக் கிளம்புவது மட்டும் கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ரொம்ப அழுதாங்கக்கா."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மாவா? உனக்குப் பொய் சொல்லவே வரல லா" என்றார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "நீ போற கிளினிக் சனிக்கிழமை தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.